டீம் ப்ராஜெக்ட்: யாருக்கு எந்த வேலை?

சால்டரிங்ராஜா: நாலு பேர் சேர்ந்து லைன் ஃபாலோயர் (தரையில் போட்ட கோட்டைப் பார்த்து ஓடும்) ரோபோ செய்கிறோம். கோடிங் தெரிந்தவர் கோடிங், சர்க்கிட் தெரிந்தவர் சர்க்கிட், நன்றாக எழுதுபவர் ரிப்போர்ட். இதில் என்ன தப்பு? எல்லாரும் எல்லாமும் செய்கிறோம் என்று இறங்கினால் ரிவ்யூ அன்று ஒன்றும் ஓடாது.

நிலா22: அந்த "நன்றாக எழுதுபவர்" யாரென்று பாருங்கள். பாதி டீம்களில் அங்கே இருக்கும் ஒரே பெண்தான். பிபிடியும் அவள் தலையில். அப்புறம் வைவாவில் பிஐடி (ரோபோ கோட்டை விட்டு விலகாமல் திருத்தும் கணக்கு) பற்றிக் கேட்டால் முழிக்க வேண்டியதும் அவளேதான்.

சால்டரிங்ராஜா: முந்தின நாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் போச்சு.

நிலா22: சொன்னால் மனப்பாடம் ஆகும், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் விலகலுக்கு ஏற்பத் திருப்பும் கே.பி. மதிப்பை ஏற்றினால் ரோபோ கோட்டின் இரண்டு பக்கமும் ஏன் ஆடுகிறது, விலகல் மாறும் வேகத்தைப் பார்த்துத் திருத்தும் கே.டி. சேர்த்தால் ஏன் அடங்குகிறது என்பதெல்லாம் தானே மாற்றி ஓடவிட்டவருக்குத்தான் பிடிபடும்.

பழையபேட்ச்: பிரிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். யார் சேர்ப்பது? பகுதிகள் தனித்தனியாக ஓடும், மாட்டியதும் படுத்துவிடும். தூரம் அளக்க 5 வோல்ட்டில் ஓடும் அல்ட்ராசோனிக் சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் தரும். அதைப் படிக்கும் ஈஎஸ்பி32 (ரோபோவின் மூளையான சிப்) பின் 3.3 வோல்ட்டுக்கானது. வோல்ட்டைக் குறைக்க நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போடுவது யார் வேலை? சென்சார்காரர் கோடிங்காரரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். மாணவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. 1999இல் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்ததும் இப்படித்தான். ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு-விசை கணக்கில் எண்களைத் தந்தது, இன்னொரு குழு அவற்றை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது.

ஓசிசவாரி: நிலா சொல்வதுபோல் எல்லாருக்கும் எல்லாம் என்றால் என் மாதிரி ஆட்களுக்குக் கொண்டாட்டம் :) நான் செய்யாததை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

சால்டரிங்ராஜா: பாருங்கள், ஆளே ஒத்துக்கொண்டார்! கயிறு இழுக்க ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது என்று ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1913லேயே எழுதிவிட்டார். ஒரு பகுதிக்கு ஒரு பெயர் இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும்.

நிலா22: பெயர் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் ஒருவர், கூட உட்கார இன்னொருவர். முதல் ரிவ்யூ முடிந்ததும் இருவரும் இடம் மாறட்டும்.

சால்டரிங்ராஜா: பாதியில் மாற்றினால் ஒரு வாரம் போய்விடும். சேர்ப்பதற்குத் தனியாக ஒருவரை வைக்கலாம், அது சரி. ஆனால் ரிப்போர்ட்டையும் பங்கு போடாதீர்கள். நாலு நடை, நாலு ஃபாண்ட், பார்க்கச் சகிக்காது.

நிலா22: அவரவர் பகுதியை அவரவர் எழுதட்டும், கடைசியில் ஒருவர் கோத்தால் போதும். இந்த முறை அந்த ஒருவர் நீங்கள்.