காலண்டரில் ஏகாதசி இரண்டு நாள் போட்டிருக்கிறதே, எதை எடுப்பது?

புதுசு_கோவை:
தினசரி காலண்டரில் ஒரு நாள் ‘ஸ்மார்த்த ஏகாதசி’, மறுநாள் ‘வைஷ்ணவ ஏகாதசி’ என்று போட்டிருக்கிறது. பல மாதங்களில் ஒரே நாள்தான் வருகிறது. ஏன் இப்படி? புதிதாக விரதம் தொடங்குகிறவர் எதை எடுக்க வேண்டும்? பாரணைக்கென்று, அதாவது விரதத்தை முடித்துச் சாப்பிடுவதற்கென்று, தனியாக ஒரு நேரம் கொடுக்கிறார்களே, அது தவறினால் என்ன? அரிசிச் சோறு மட்டும் விட்டால் போதுமா? சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருக்கும் உறவுக்காரர்களுக்கு நம் ஊர்த் தேதியையே சொல்லலாமா?

பஞ்சாங்கப்பிரியன்:
திதி என்பது கிழமை மாதிரி விடியலில் தொடங்கி விடியலில் முடிவதில்லை. சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. சந்திரன் ஒரே வேகத்தில் போகாததால் ஒரு திதி சுமார் 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி தாண்டியும் ஓடலாம். நடுராத்திரியில் தொடங்கும், மத்தியானம் முடியும். அதனால் ‘எந்த நாளை ஏகாதசி என்று கொள்வது’ என்று ஒரு விதி தேவைப்படுகிறது. அந்த விதியில்தான் சம்பிரதாயங்கள் பிரிகின்றன.

ஸ்மிருதி நூல்களின் வழி நடக்கும் ஸ்மார்த்தர்களுக்குச் சூரிய உதயத்தில், ஏகாதசிக்கு முந்தைய திதியான தசமி இருக்கக் கூடாது. வைணவர்களுக்கும், மத்வாசாரியர் வழிவந்த மாத்வர்களுக்கும் அது போதாது. உதயத்துக்கு 4 நாழிகை முன்னால், அதாவது 96 நிமிடத்துக்கு முன் தொடங்கும் அருணோதயத்திலேயே தசமி வாடை இருக்கக் கூடாது. இருந்தால் அது ‘தசமி வேதை’ பட்ட ஏகாதசி, உபவாசத்துக்கு ஆகாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். சென்னையில் உதயம் காலை 6.00, புதன்கிழமை 5.10 வரை தசமி, வியாழன் 4.50 வரை ஏகாதசி, வெள்ளி 4.00 வரை அடுத்த திதியான துவாதசி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன் உதயத்தில் ஏகாதசி இருக்கிறது, எனவே ஸ்மார்த்தருக்குப் புதன். ஆனால் அருணோதயம் 4.24க்கே தொடங்கிவிட்டது, அப்போது தசமி. எனவே வைணவருக்கு வியாழன். வியாழன் உதயத்தில் ஏகாதசியே இல்லையே என்று கேட்பார்கள். இல்லைதான்! தசமி கலந்த ஏகாதசியைவிடச் சுத்த துவாதசியில் பட்டினி இருப்பது மேல் என்பது அவர்கள் துணிபு.

எதை எடுப்பது என்றால், வீட்டுப் பெரியவர்கள் எதை எடுத்தார்களோ அது. அப்படி ஒரு வழக்கமே இல்லாத வீடு என்றால் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். மாதத்துக்கு மாதம் வசதிப்படி மாற்றிக்கொள்வதுதான் ஒவ்வாது. வருடத்துக்கு 24, அதிக மாதம் வந்தால் 26.

வெளிநாட்டுக்கு நம் ஊர்த் தேதியைச் சொல்லவே கூடாது. திதி மாறும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான், உதயம்தான் ஊருக்கு ஊர் வேறு. மேலே சொன்ன தசமி சிங்கப்பூரில் புதன் காலை 7.40க்கு முடியும். அங்கே உதயம் 7 மணியளவில், ஆகவே புதன் கிடையாது. வியாழன் 7.20 வரை ஏகாதசி இருப்பதால் இரு தரப்புக்கும் வியாழன். டொராண்டோவில், கோடை நேரப்படி, அதே தசமி செவ்வாய் இரவு 7.40க்கே முடிந்துவிடுகிறது. அங்கே அருணோதயமும் சுத்தம், எல்லோருக்கும் புதன். அந்தந்த ஊருக்குக் கணித்த பஞ்சாங்கம்தான் வழி.

அடுக்களைத்துளசி:
பாரணை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பட்டினி கிடப்பது பாதி விரதம், துவாதசியில் முறையாக முடிப்பது மீதி.

துவாதசியின் முதல் கால் பாகம் ‘ஹரிவாசரம்’. அது கழிந்த பிறகுதான் சாப்பிட வேண்டும், துவாதசி முடிவதற்குள்ளும் சாப்பிட்டாக வேண்டும். மேலே அவர் போட்ட கணக்கையே எடுத்தால், துவாதசி 23 மணி 10 நிமிடம், கால் பாகம் சுமார் 5 மணி 47 நிமிடம். வியாழன் காலை 10.37 வரை ஹரிவாசரம். புதன் விரதம் இருந்தவர் வியாழன் ஆறு மணிக்கே இலை போட்டு உட்கார்ந்தால் தப்பு. வியாழன் இருந்தவருக்கு வெள்ளி உதயத்தில் துவாதசி தீர்ந்துவிட்டது, இந்தக் கணக்கே இல்லை, காலையிலேயே பாரணை செய்யலாம்.

சில மாதம் துவாதசி உதயத்துக்குப் பின் அரை மணிதான் மிச்சமிருக்கும். அதற்குள் குளித்துப் பூஜை முடித்துச் சமைக்க முடியாது. அப்போது துளசி தீர்த்தம் ஒரு மடக்கு குடித்தால் பாரணை ஆனதாகக் கணக்கு, சாப்பாடு பிறகு. பாகவதத்தில் அம்பரீஷ மன்னன், விருந்தாளியான துர்வாசர் ஆற்றிலிருந்து திரும்பத் தாமதமானபோது, தண்ணீர் மட்டும் குடித்துப் பாரணையை முடித்தது இப்படித்தான்.

துளசியைத் துவாதசியன்று பறிக்கக் கூடாது. தசமியிலேயே பறித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், துளசிக்குப் பழசு என்ற தோஷம் கிடையாது. துவாதசித் தளிகையில் (சமையலில்) அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் சேரும், புளி சேராது. அகத்தியை ஆய்ந்து காம்பு நீக்கி, இழை இழையாக நறுக்குங்கள். ஒரு கட்டுக்கு 2 மேசைக்கரண்டி பாசிப்பருப்பு. மூடாமல் வேகவிட வேண்டும், மூடினால் நிறம் கறுத்துவிடும். இறக்கும்போது தேங்காயும் துளி வெல்லமும் போட்டால் கசப்பு அடங்கும். நெல்லிக்காயைத் தேங்காயோடு அரைத்துத் தயிரில் கலந்தால் பச்சடி. முதல் கவளம் கொஞ்சமாக எடுங்கள். காலி வயிற்றில் ஒரே மூச்சில் முழுச் சாப்பாடு இறங்கினால் மதியம் எழ முடியாது, துவாதசியில் பகல் தூக்கமோ விலக்கு.

அரிசி மட்டும் விட்டால் போதாது. தானியம், பருப்பு எல்லாமே விலக்கு. சோற்றை விட்டுவிட்டு ராத்திரி ரவை உப்புமாவை ஒரு பிடி பிடிப்பது ஊர் வழக்கமாகிவிட்டது, விதிப்படி கோதுமையும் தானியம்தான். ஜவ்வரிசி ஆகும், அது மரவள்ளிக்கிழங்கு. சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பால், பழம் ஆகும். யாரும் கவனிக்காதது கூட்டுப்பெருங்காயம், அதில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவில் படித்துப் பாருங்கள். தசமியன்று ஒருவேளைச் சாப்பாடு, இரவு கிடையாது. தசமி ராத்திரி பிரியாணி தின்றுவிட்டு மறுநாள் பட்டினி என்றால் வயிறு இரட்டிப்பாகக் கேட்கும்.

காவிரிக்கரை:
ஒன்று சேர்க்கிறேன். தமிழகக் கோயில்கள் பலவும் வாக்கியப் பஞ்சாங்கம்தான். அதன் சந்திர கணிதம் சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்லும் 248 பழைய வாக்கியங்களை (சூத்திரங்களை) வைத்துப் போடுவது. திருக்கணிதம் இன்றைய வான நிலையை வைத்துப் போடுவது. திதி முடிவு சில மணி நேரம் கூடவோ குறையவோ வரும், அதில் ஏகாதசியே ஒரு நாள் தள்ளிப் போகலாம். கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் திருக்கணிதம் காட்டும். ‘செயலி தப்பு’ என்று சண்டை போடுவதற்கு முன் எந்தக் கணிதம் என்று பாருங்கள்.

திருவரங்கம் தனிக் கதை. 2021 டிசம்பர் 14இல், கார்த்திகையிலேயே அங்கே வைகுண்ட ஏகாதசிச் சொர்க்கவாசல் திறந்துவிட்டார்கள்; மற்ற பெரும்பாலான தலங்களில் 2022 ஜனவரி 13. மார்கழி ஏகாதசி மிகவும் பின்தள்ளி வந்து தை உற்சவத்தோடு மோதும் ஆண்டுகளில், 19 ஆண்டுக்கு ஒருமுறை போல, இப்படி முன்கூட்டி நடத்துவது அந்தக் கோயில் வழக்கம்.

புதுசு_கோவை:
மூவருக்கும் நன்றி. வீட்டில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெரியம்மா இருக்கிறார், 81 வயது. ‘நானும் இருப்பேன்’ என்கிறார்.

பஞ்சாங்கப்பிரியன்:
ஏகாதசி கட்டாயம் என்பதே 8 வயதுக்கு மேல், 80 வயதுக்குள். பெரியம்மாவுக்கு விதியே விலக்குக் கொடுத்துவிட்டது என்று பக்குவமாகச் சொல்லுங்கள். அதையும் மீறி இருக்கிறேன் என்றால், தண்ணீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ் (வேள்வியில் படைக்கும் உணவு), அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து ஆகிய எட்டும் விரதத்தைக் கெடுக்காது என்று சாஸ்திரமே சொல்கிறது. ஆகவே மாத்திரையை ‘விரதத்துக்காக’ நிறுத்தத் தேவையில்லை. அதே நேரம், சில மாத்திரைகளையும் இன்சுலினையும் சாப்பிடாமல் எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். அளவை மாற்றுவதா வேண்டாமா என்று மருத்துவரிடம் முந்தின வாரமே கேட்டுவிடுங்கள், ஏகாதசி காலையில் அல்ல.

அடுக்களைத்துளசி:
பெரியம்மா சித்த மருந்து ஏதாவது எடுக்கிறாரா என்றும் கேளுங்கள். அகத்தி மருந்தை முறிக்கும் என்பது சித்த வைத்தியர்கள் சொல்வது. அப்படியானால் அவர் இலையில் நெல்லிப் பச்சடி மட்டும் போதும்.