ஒன்பது கொக்கிக் கலப்பை ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இறங்குகிறது, எங்கே தப்பு?

அம்பத்தூர்வாசி:
வணக்கம். வீடு அம்பத்தூர், நிலம் செங்குன்றம் தாண்டிப் பெரியபாளையம் பக்கம் ஒன்றரை ஏக்கர், செம்மண். சனி ஞாயிறு மட்டும்தான் போக முடியும். போன மாதம் செகண்ட் ஹேண்டில் 24 ஹெச்பி மினி டிராக்டர் ஒன்றும், அதோடு ஸ்பிரிங் வைத்த பழைய ஒன்பது கலப்பை (ஒரே பிரேமில் ஒன்பது கொக்கி) ஒன்றும் வாங்கினேன். விற்றவர் "மாட்டுங்க, ஓட்டுங்க, அவ்வளவுதான்" என்றார். மாட்டி ஓட்டியும் பார்த்துவிட்டேன். வலது பக்கக் கொழு (கொக்கி நுனியில் மாட்டியிருக்கிற இரும்பு முனை) அரை அடி இறங்குகிறது, இடது பக்கம் கோழி கிளறின மாதிரி இருக்கிறது. ஸ்டியரிங்கும் வலது பக்கமே இழுக்கிறது. டாப் லிங்கை (கலப்பையின் மேல் பக்கத்தை வண்டியோடு இணைக்கிற, நீட்டிச் சுருக்கும் தண்டு) சுருக்கினால் நன்றாகக் குத்தும் என்று பக்கத்து நிலத்துக்காரர் சொன்னதால் முழுக்கச் சுருக்கிவிட்டேன், இப்போது பின் வரிசைக் கொக்கிகள் மண்ணைத் தொடுவதே இல்லை. பத்தடி போவதற்குள் கரும்புகை, டயர் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது, முன் சக்கரமும் லேசாகத் தூக்குகிறது. கனம் போதவில்லையோ என்று மச்சான் பிரேம் மேல் ஏறி நின்றான், கொஞ்சம் இறங்கியது. கலப்பையை மாற்ற வேண்டுமா?

மாதவரம் மெக்கானிக்:
முதலில் மச்சானை இறக்குங்கள். ஓடுகிற கலப்பை மேல் ஆள் நிற்பது வேண்டவே வேண்டாம், ஒரு கல்லில் கொழு மாட்டி வண்டி குலுங்கினால் விழுவது கொக்கிக்கு முன்னால்தான்.

அப்புறம், 24 ஹெச்பிக்கு ஒன்பது அதிகம் தம்பி. ஒன்பது கலப்பையெல்லாம் 35, 40 ஹெச்பி வண்டி இழுக்கிற சாமான், உங்கள் வண்டிக்கு அஞ்சு போதும். புதிதாக வாங்க வேண்டாம், ஓரத்தில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கொக்கியைக் கழற்றி, நடுவில் முன் வரிசையில் இரண்டு பின் வரிசையில் மூன்று நிற்கிற மாதிரி விடுங்கள். ஓரக் கொக்கி பின் டயர் தடத்தின் மேல் வருகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் டயர் அழுத்தின தடம் அப்படியே நிற்கும்.

இனி சாய்வு. மண்ணில் நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் புரியாது, சமமான சிமெண்ட் தரை வேண்டும். செங்குன்றத்தில் ரைஸ் மில்லுக்கா பஞ்சம், தெரிந்தவர் நெல் காயப்போடுகிற களத்தில் அரை மணி நேரம் இடம் கேளுங்கள். முதலில் பின் டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவா என்று பார்க்க வேண்டும், அதை விட்டுவிட்டு மற்றதைத் திருகினால் வீண். அப்புறம் கலப்பையை மெதுவாக இறக்குங்கள். வலது பக்கம் முதலில் தரையைத் தொட்டால், வலது லிப்ட் ராடில் (கலப்பையின் கீழ்க் கையைத் தூக்குகிற தண்டு) கைப்பிடி இருக்கும், அதைச் சுற்றிச் சுருக்கினால் அந்தப் பக்கம் மேலே ஏறும். இரண்டு பக்கமும் சேர்ந்து தொட்டதும் பக்கவாட்டில் குந்தி பிரேமைப் பாருங்கள், தரைக்கு இணையாக வரும் வரை டாப் லிங்கை நீட்டுங்கள். சுருக்கினால் மூக்கு குத்தும், வால் தூக்கும், உங்களுக்கு நடந்தது அதுதான். சுருக்கச் சொன்னவர் வேறு ஏதோ வண்டிக்குச் சொல்லியிருப்பார்.

ஊத்துக்கோட்டை பாலா:
மெக்கானிக் அண்ணன் சொன்னது சரி, ஆனால் இடது பக்கம் இறங்காததற்கு ஸ்பிரிங்கும் காரணமாக இருக்கலாம். அதுதான் கல்லில் பட்டால் கொக்கியைப் பின்னால் சாய விட்டு மறுபடி இழுத்துக்கொள்வது. நட்டு தளர்ந்தால் கெட்டி மண்ணிலேயே சாய்ந்துகொண்டு மேலாக்கில் ஓடும். டேப் வைத்து ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்து எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு இறுக்குங்கள்.

கொழுவையும் கையில் தொட்டுப் பாருங்கள். நுனி மழுங்கி வட்டமாக இருந்தால், இரண்டு முனையும் வேலைக்கு ஆகிற கொழுதானா என்று பார்த்து, போல்டைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போடலாம், செலவே இல்லை. லோயர் லிங்க் பின்னும், அதாவது கலப்பையை வண்டியின் கீழ்க் கைகளில் மாட்டுகிற பின்னும், கவனிக்க வேண்டியது. மினி வண்டியில் அநேகமாக 22 மில்லி பின்தான் வரும், பெரிய வண்டிக் கலப்பையில் 28 மில்லி. இரண்டையும் கலந்து மாட்டியிருந்தால் கடகடவென்று ஆடும், ஓட்டையும் நீள்வட்டமாகத் தேயும்.

ஒரு விஷயம் கேட்க மறந்துவிட்டேன், மண் என்ன பதத்தில் இருந்தது? நம் பக்கத்துச் செம்மண் வெயிலில் செங்கல்தான், எந்தக் கலப்பையும் திணறும். மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து கட்டை விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் உழலாம், பிசினாக ஒட்டினால் இன்னொரு நாள் காயட்டும்.

தாம்பரம் ரவி:
ஒன்றரை ஏக்கருக்கு எதற்கு சார் சொந்த வண்டி? வேளாண்மைப் பொறியியல் துறையில் இ-வாடகை என்று வாடகைக்கே டிராக்டர் தருகிறார்கள், தலைமை அலுவலகம் இங்கே நந்தனத்தில்தான்.

மாதவரம் மெக்கானிக்:
ரவி சார், வாங்கிவிட்டாரே. அதோடு வாடகை வண்டி அவருக்குத் தோதான ஞாயிற்றுக்கிழமையில் கிடைக்க வேண்டும்.

அம்பத்தூர்வாசி, இன்னொன்று. கலப்பையைத் தூக்கி இறக்குகிற ஹைட்ராலிக்கில் இரண்டு லிவர் இருந்தால், கலப்பைக்கு டிராப்ட் லிவரில் ஓட்டுங்கள். இழுவை கூடினால் அதுவே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், டயர் சுற்றுவது குறையும். உயரத்தை ஒரே அளவில் நிறுத்துகிற பொசிஷன் லிவர் ரோட்டவேட்டருக்கு (சுழன்று மண்ணைக் கிளறுகிற கருவி). கீழே கை விடுவதற்கு முன் கலப்பையைத் தரையில் இறக்கி இன்ஜினை அணைத்துவிடுங்கள், ஹைட்ராலிக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

அம்பத்தூர்வாசி:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை களத்தில் நிறுத்திப் பார்த்தேன். வலது பின் டயரில் காற்று ஏறக்குறைய பாதிதான் இருந்தது, வண்டியே அந்தப் பக்கம் சாய்ந்து நின்றிருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை! காற்று அடித்ததும் பாதி கோணல் போய்விட்டது, மீதிக்கு லிப்ட் ராடில் மூன்று சுற்று. இடது பக்கம் இரண்டு ஸ்பிரிங் தளர்ந்துதான் இருந்தது, ஒன்றில் நட்டு துரு ஏறி அசையவில்லை, டீசல் ஊற்றி ஒரு மணி நேரம் ஊற வைத்தேன். நான்கு கொக்கி கழற்றியாயிற்று. முந்தின நாள் மழை என்பதால் மண் பிசினாக இருந்தது, ஆசைக்கு ஒரு சால் மட்டும் ஓட்டினேன், அஞ்சும் ஒரே ஆழம், ஸ்டியரிங் நேராக நிற்கிறது. லோயர் லிங்க் பின் மட்டும் இன்னும் ஆடுகிறது, அதற்கு புஷ் (இடைவெளியை நிரப்புகிற வளையம்) கிடைக்குமா என்று சனிக்கிழமை புதுப்பேட்டையில் கேட்டுப் பார்க்கிறேன்.

ஊத்துக்கோட்டை பாலா:
பழைய பின்னையும் கையோடு எடுத்துப் போங்கள். அளவை வாயால் சொன்னால் வேறு ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள்.