பல் எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பைப் பார்த்து வளர்ச்சியைச் சொல்கிறது ஏஐ, நம்பலாமா?

தேன்சிட்டு:
மகளுக்கு 11 வயது, கீழ்த்தாடை கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. கிளிப் போடுவது பற்றிக் கேட்கப் போன இடத்தில் தலையைப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஏதோ ஏஐ மென்பொருள் உடனே "சிஎஸ்3" என்று காட்டியது. தாடை வளரப்போகிற நேரம், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். பல்லுக்குப் போனால் கழுத்தெலும்பை ஏன் அளக்கிறார்கள்? இதை நம்பி ஆரம்பிக்கலாமா, எலும்பு வளர்ச்சியைப் பார்க்கக் கை எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லட்டுமா?

கடைவாய்ப்பல்:
பல் சீரமைப்புதான் என் வேலை. அந்தப் படத்தில் கழுத்தின் மேல் எலும்புகளும் சேர்ந்தே விழுந்துவிடும், அதற்கென்று தனி எக்ஸ்ரே வேண்டாம். சின்ன வயதில் 2, 3, 4ஆம் எலும்புகளின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும், வளர வளர ஒவ்வொன்றாகக் குழியும். இரண்டும் மூன்றும் குழிந்து நான்காவது மட்டும் தட்டையாக இருந்தால் சிஎஸ்3, அதாவது கழுத்தெலும்பு வளர்ச்சியின் மூன்றாம் படி, அதுவும் குழிந்துவிட்டால் சிஎஸ்4. மொத்தம் 6 படி. பாச்செட்டி, ஃபிராங்கி, மெக்நமாரா என்ற பல் சீரமைப்பு ஆய்வாளர்கள் மூவரும் 2005இல் எழுதியபடி, சிஎஸ்3க்குப் பிறகு வரும் ஒரு வருடத்துக்குள் கீழ்த்தாடை உச்ச வேகத்தில் வளரும். கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவரும் ட்வின் பிளாக் மாதிரி கருவிகளை அந்தச் சமயத்தில் போடத்தான் விரும்புவோம். வெறும் வயதை வைத்து இதைச் சொல்ல முடியாது, ஒரே வகுப்புப் பிள்ளைகளே இரண்டு படி முன்பின்னாக இருப்பார்கள்.

பிக்சல்பித்தன்:
நான் டாக்டர் இல்லை, படங்களைப் படிக்கும் நிரல் எழுதுகிறவன். மென்பொருளுக்குப் பாடம் எது எந்தப் படி என்று டாக்டர்கள் குறித்துவைத்த பழைய படங்கள்தான். ஆனால் ஒரே படத்தைச் சில வாரம் கழித்துக் காட்டினால் அதே டாக்டரே வேறு படி சொல்வதுண்டு, இந்த முறையின் மீது பழைய குற்றச்சாட்டே அதுதான். வாத்தியார்களே ஒத்துப்போகாத இடத்தில் மாணவன் மட்டும் எப்படிச் சரியாகச் சொல்வான்? எலும்பு விட்டுவிட்டு வளர்வதில்லை, நாம்தான் ஆறு பெட்டியில் அடைக்கிறோம், அதனால் பிழையும் பெரும்பாலும் பக்கத்துப் பெட்டியில்தான் விழும். 2ஐ 3 என்றால் கொஞ்சம் சீக்கிரம் ஆரம்பிப்பீர்கள், அவ்வளவுதான். 4ஐ 3 என்றால் வம்பு, உச்சம் ஏற்கெனவே போயிருக்கும். படம் எடுக்கும்போது தலை சாய்ந்திருந்ததா என்றும் பாருங்கள். முடிவை மட்டும் வாங்காமல், ஒவ்வொரு படிக்கும் அது எத்தனை சதவீதம் கொடுத்தது என்று கேளுங்கள்.

தேன்சிட்டு:
சரி, அப்போ கை எக்ஸ்ரே?

கடைவாய்ப்பல்:
எடுத்த எடுப்பில் வேண்டாம். முதலில் உயரம் எப்படி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு உயர வேகம் உச்சம் தொட்டபின்தான் பெரும்பாலும் மாதவிடாய் தொடங்கும், அதனால் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் சிஎஸ்3 என்பதைச் சந்தேகப்படலாம். டாக்டர் தன் கண்ணால் பார்த்துச் சொல்வதும், இந்த உயரம், மாதவிடாய்க் கணக்கும், மென்பொருள் சொல்வதும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் மட்டும் கை எக்ஸ்ரேக்கு அர்த்தமுண்டு.

தேன்சிட்டு:
இன்னும் வயதுக்கு வரவில்லை. ஆனால் இந்த வருடத்திலேயே செருப்பு அளவு இரண்டு தடவை மாறிவிட்டது! அடுத்த முறை போகும்போது அந்த நாலாவது எலும்பைத் திரையில் காட்டச் சொல்கிறேன்.