வேலை பழகுவதும் வேலையிடம் பழகுவதும்: அறிவுசார் குறைபாடுடைய நம் பிள்ளைகளோடு நமக்கு நேர்ந்தவை

திருச்சியிலிருந்து ஒரு தாய்:

என் மகனுக்கு வயது 27. அறிவுசார் குறைபாடு உண்டு; எண்களை வரிசையாகச் சொல்வான், ஆனால் பொருள்களை எண்ணும்போது ஏழுக்குப் பிறகு தடுமாறுவான். 18 வயதோடு சிறப்புப் பள்ளி முடிந்தபின், தொழிற்பயிற்சி மையம் ஒன்றில் ஏழு ஆண்டுகள் காகித உறை ஒட்டினான், மெழுகுவத்தி வார்த்தான். வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்கும்போதெல்லாம் இன்னும் தயாராகவில்லை என்ற பதிலே கிடைத்தது. முழுவதும் தயாரான பிறகுதான் வேலை என்றால் அந்த நாள் வரவே வராது என்பதை இப்போது உணர்கிறேன்.

சென்ற ஆண்டு, முறுக்கும் சீடையும் செய்து கடைகளுக்கு அனுப்பும் சிறு நிறுவனம் ஒன்று அவனைப் பொட்டலம் கட்டும் பிரிவில் சேர்த்துக்கொண்டது. புதிதாக வந்திருந்த பயிற்சியாளர் முதல் ஆறு வாரங்கள் அவனுடனேயே நின்று அந்த வேலையைச் செய்தார். ஒரு பொட்டலத்துக்குப் பத்து முறுக்கு வைக்க வேண்டும். அவனை எண்ண வைக்க முயலாமல், பத்துக் குழிகள் கொண்ட மரத்தட்டு ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்து வந்தார் அவர். குழிகள் நிறைந்தால் பத்து. மூன்றாம் நாளிலிருந்து கணக்குத் தவறவில்லை.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. மையத்தில் தேநீர் வேளை முடிந்தால் மணி அடிப்பார்கள். இங்கு மணி கிடையாது. மற்றவர்கள் பேச்சை முடித்துக்கொண்டு தாமாகவே எழுந்துவிடுவார்கள். இவன் காலி டம்ளரைப் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறான். யாரோ சோம்பேறி என்று சொன்னது அவன் மனத்தில் தைத்து, மறுநாள் வேலைக்குப் போக மறுத்துவிட்டான். பயிற்சியாளர் அவனிடம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, யார் எப்போது எழுகிறார்கள் என்று கவனித்தார். பிறகு, "பக்கத்தில் இருக்கும் அக்கா தலையுறையை மாட்டும்போது நீயும் மாட்டிக்கொள்" என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தார். பிரச்சினை தீர்ந்தது. மையத்தில் எத்தனை ஆண்டு இருந்திருந்தாலும் இதை அவன் கற்றிருக்க முடியாது, ஏனெனில் அந்த அக்கா அங்கு இல்லை.

பயணத்தில் பணம் தடையாக இல்லை. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பார்த்தவுடன் குறை தெரியாத இளைஞன் என்பதால் முதல் வாரம் சந்தேகப் பேச்சுகளைக் கேட்க நேர்ந்தது. தினமும் ஒரே நேரத்துப் பேருந்தில் அனுப்பத் தொடங்கிய பிறகு நடத்துநர்களுக்கு அவன் பழகிவிட்டான்.

திருப்பூரிலிருந்து ஒரு மேற்பார்வையாளர்:

மேலே எழுதிய அம்மாவின் தேநீர் வேளையைப் படித்தபோது எங்கள் பின்னலாடைப் பிரிவில் நடந்தது நினைவுக்கு வந்தது. ஆட்டிசம் உள்ள தம்பி ஒருவர் அளவு வாரியாக ஆடைகளைப் பிரித்து அடுக்க வந்தார். அளவுச் சீட்டு மாறித் தைக்கப்பட்ட துண்டுகளை அவர் கண் உடனே பிடித்துவிடும். இதில் எங்களில் யாரும் அவருக்கு ஈடில்லை. நான் அஞ்சியது இயந்திரங்களை எண்ணித்தான். உண்மையில் கெடுதல் செய்தது எங்கள் இரக்கம். பாவம் என்று எண்ணி, பக்கத்தில் இருந்தவர்கள் அவருடைய ஆடைக் கட்டையும் சேர்த்தே முடித்துவிடுவார்கள். தமக்கு வைத்திருந்த வேலை காணாமற்போனதைக் கண்டு அவர் பதறி, கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார். அவருடைய மேசைக்கு நீல நாடாவால் எல்லை ஒட்டி, அதற்குள் இருப்பதை வேறு யாரும் தொடக் கூடாது என்று சொன்ன பிறகே அமைதி திரும்பியது. முடிக்கும் துண்டுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டில் இல்லாமல் நாள் கூலியில் வைத்ததும் உதவியது.

மதுரையிலிருந்து ஓர் அண்ணன்:

என் தங்கைக்கு டவுன் சிண்ட்ரோம், வயது 34. விடுதிச் சமையலறை ஒன்றில் காய் நறுக்குகிறாள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3 விழுக்காட்டு அரசு வேலை ஒதுக்கீட்டில் இவளைப் போன்றவர்களுக்கு இடமே இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. எனினும் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போகக்கூடியவர்கள் இவர்களில் மிகச் சிலரே என்பதால், எங்களுக்கு அச்சட்டத்தில் கைகொடுத்தது 13ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளிகள் தம் பணத்தைத் தாமே கையாளும் உரிமையை அது சொல்கிறது. சம்பளக் கணக்குத் தொடங்கச் சென்ற வங்கிக் கிளையில், சட்டப்படியான பாதுகாவலர் சான்று இல்லாமல் முடியாது என்றார்கள். அந்தச் சான்றுக்கு விண்ணப்பித்து வாங்கிவிடலாம்தான்; ஆனால் பணம் அவளுடையதாக இருக்கும், கையெழுத்து என்னுடையதாகிவிடும். மூன்று முறை சட்டப் பிரதியோடு சென்று, அவள் கையெழுத்திலேயே கணக்கைத் தொடங்கினோம். அவள் பெயரை எழுதப் பழகியதும் அந்த நாள்களில்தான்.

கடந்த தை மாதம் சித்தி மகள் திருமணத்துக்குப் போயிருந்தோம். எங்கள் வீட்டு மொய் எப்போதும் அப்பா பெயரில்தான் போகும். அன்று அப்பா எழுதி முடித்து நகர்ந்ததும், இவள் தன் கைப்பையைத் திறந்து இருநூறு ரூபாயும் ஒரு ரூபாய் நாணயமும் எடுத்து மேசையில் வைத்தாள். மொய் எழுதுபவர் வழக்கம்போல், "யார் பேருக்கு எழுதட்டும் அம்மா?" என்று கேட்டார். அவள் ஊரைச் சொன்னாள், பெயரைச் சொன்னாள். அவர் எழுதி முடிக்கும் வரை குனிந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.