வண்டிக் கணக்கும் கடிகாரமும் ஒத்துவரவில்லை, உதவுங்கள்

மன்னார்குடி பக்கம் கிராமத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நியூட்டனின் இரண்டாம் விதியைக் காட்ட 1 கிலோ பொம்மை வண்டி, மேசை ஓரம் கப்பி, நூல் நுனியில் 100 கிராம் படிக்கல். கணக்குப்படி முடுக்கம் 0.89 மீ/வி², அதாவது 1.2 மீட்டரை 1.64 நொடியில் ஓட வேண்டும், ஆனால் மூன்று நாளாக 2 நொடிக்குக் குறையவே இல்லை, பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன், மேசைக்காலுக்கு அட்டை வைத்து மட்டம் பார்த்தேன், அப்புறம் போனில் வீடியோ எடுத்தும் நேரம் எண்ணினேன். 200 கிராம் போட்டால் 1.21க்குப் பதில் 1.3 நொடி, வித்தியாசம் குறைகிறது. உராய்வுதான் என்று சந்தேகம், ஆனால் கப்பியும் கனமான பழைய இரும்பு.

இதில் உராய்வு எவ்வளவு, கப்பி சுழல்வதற்குப் போவது எவ்வளவு என்று இதே சாமான்களை வைத்துப் பிரித்துப் பார்ப்பது எப்படி?