சித்திரையில் வந்து பார்த்துவிட்டு எங்கள் நிலத்தைத் தரிசு என்று எழுதியிருக்கிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எதைக் காட்டி மறுப்பது?

கரிசல்காட்டுக்காரி:

வணக்கம். தே.கல்லுப்பட்டிக்கும் பேரையூருக்கும் இடையில் உள்ள ஒரு கரிசல் ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயரை இப்போதைக்கு வெளியே போட வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். எங்கள் ஊர் நிலத்தையும் பக்கத்து இரண்டு ஊர் நிலத்தையும் சேர்த்து ஒரு தனியார் ரசாயனத் தொழிற்பூங்கா வரப்போகிறதாம். சாயப்பொருள், மருந்து மூலப்பொருள் ஆலைகள், அவற்றின் கழிவை எரிக்க உள்ளேயே ஓர் உலை. கருத்துக் கேட்புக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது.

பூங்காவுக்கான சுற்றுச்சூழல் தாக்க ஆய்வின் தமிழ்ச் சுருக்க அறிக்கையை ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் படித்தேன். எங்கள் நிலத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: பெரும்பகுதி சாகுபடியில்லாத தரிசு. கண்மாயைப் பற்றி: ஆய்வுக் காலத்தில் நீர் இல்லை.

அந்த ஆய்வுக்கு வந்தவர்களை நான் பார்த்தேன். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின வாரம் நாலு பேர் வந்தார்கள். பள்ளிக்கூட மாடியில் காற்று அளக்கும் பெட்டியை வைத்தார்கள். வெயில் தாங்காமல் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்தார்கள், மோர் கொடுத்தேன். சித்திரையில் கரிசல் எப்படி இருக்கும்? கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு நாலு ஏக்கர். முழுக்க மானாவாரி. போன வருடம் இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம், ஒன்றில் குதிரைவாலி, மீதியில் உளுந்தும் பாசிப்பயறும். புரட்டாசியில் விதைத்தால் மாசிக்குள் அறுப்பு முடிந்துவிடும். அப்புறம் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டை ஓட்டி வருவார்கள். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி, புழுக்கை உரத்துக்காக ஆட்டை நிலத்திலேயே அடைத்துக் கிடை போடுவோம். வெறும் நிலம் என்று அவர்கள் படம் எடுத்தது, அடுத்த விதைப்புக்காக நான் காசு கொடுத்துக் கிடை போட்ட நிலம்.

இதை எப்படி நிரூபிப்பது? இன்னொன்று, ஊரில் இளவட்டங்கள் கூட்டத்தைப் புறக்கணித்துக் கறுப்புக்கொடி கட்டுவோம் என்கிறார்கள். அது சரியா?

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், உசிலம்பட்டிப் பக்கம்:

அம்மா, உங்களுக்கு வேண்டியது அடங்கல். எந்தப் புல எண்ணில் எந்தப் பசலியில் (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) என்ன பயிர் என்பது அதில்தான் இருக்கிறது. ஒரு வருடம் மட்டும் போதாது. 1434ஆம் பசலியிலிருந்து பின்னோக்கி ஐந்து பசலிக்கு நகல் கேளுங்கள். கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, இன்றே மனுப் போடுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு, உங்கள் கூட்டத்துக்குள் வராது. ஆனாலும் போட்டு வையுங்கள், பின்னால் வழக்குக்கு உதவும்.

ஒரு வருத்தமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பணியில் இருந்த காலத்தில் எல்லாப் புலத்துக்கும் கால்நடையாகப் போய்ப் பார்த்துத்தான் அடங்கல் எழுதினேன் என்று சொல்ல முடியாது. மானாவாரி நிலத்துக்குச் சில பசலிகளில் பயிர்க் கலம் காலியாகவே போயிருக்கிறது. உங்கள் ஊரிலும் அப்படி இருக்கலாம். அதனால் அடங்கலை மட்டும் நம்பாதீர்கள். பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டிய ரசீது ஒவ்வொரு வீட்டு டிரங்குப் பெட்டியிலும் இருக்கும். அதில் புல எண்ணும் பயிரும் இருக்கும். திருமங்கலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்ற சீட்டு இருந்தால் அதையும் எடுங்கள்.

சித்திரையில் ஏன் வந்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. மழைப் பருவம் அல்லாத ஒரு பருவத்தின் தரவு இருந்தால் போதும் என்பதுதான் இந்த ஆய்வுகளுக்கான நடைமுறை. நமக்கு மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான். பயிர் நிற்பதும் கண்மாய் பெருகுவதும் அப்போதுதான். அந்த மாதங்களை விட்டுவிட்டால் நம் ஊரே அறிக்கையில் இருக்காது. மழைக்காலத்திலும் ஆய்வு செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் கண்மாய் நிரம்பி மறுகால் போனால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, கடைசியில் குண்டாற்றில் எங்கே சேர்கிறது என்று ஒரு படம் வரைந்து மனுவோடு இணையுங்கள். மேலே விழுகிற ரசாயனம் கீழே எத்தனை ஊருக்குப் போகும் என்பது அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும்.

மேலூர் பக்கத்திலிருந்து:

அக்கா, புறக்கணிக்காதீர்கள். கருத்துக் கேட்புக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கே கிடையாது. நீங்கள் வெளியே கொடி பிடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே பத்துப் பேர் வேலை வேண்டும் என்று பேசினால், பதிவாவது அவர்கள் பேச்சுதான்.

முக்கியமான ஒன்று. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி பெற்ற தொழிற்பூங்காவுக்குள் பிற்பாடு வரும் ஆலைகளுக்குத் தனியாகப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு வேண்டியதில்லை. பூங்காவின் அனுமதியில் விலக்கப்படாத ஆலையாக இருந்தால் போதும். அதாவது எந்த ஆலை, எந்த ரசாயனம் என்று ஊர்க்காரர்கள் வாய் திறந்து கேட்பதற்கு இந்த ஒரு கூட்டம்தான். எங்கள் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் வந்தபோது நிலைமை வேறு. 2024 நவம்பரில் ஏலம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டிப் பகுதியும் அந்தச் சுரங்க எல்லைக்குள் இருந்தது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டோம், 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்துக்கு நடந்தோம். என் அம்மாவுக்கு முழங்கால் வலி, பாதி வழியில் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. ஜனவரி 23இல் ஏலத்தை ரத்து செய்தார்கள். நடப்பதற்கு முன்பே காகித வேலை எல்லாம் நடந்திருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

கூட்டத்துக்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்ட முடிவில் பேசியவற்றின் சுருக்கத்தைத் தமிழில் வாசிக்க வேண்டும். அதுவரை யாரும் எழுந்து போகாதீர்கள். விட்டுப்போனதை அங்கேயே சேர்க்கச் சொல்லலாம்.

திருப்பூரிலிருந்து ஒருவன்:

எனக்கும் உங்கள் வட்டாரம்தான். மாற்றுக் கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். மழை பொய்த்த வருடம் எங்கள் அப்பாவுக்கு விதைச் செலவுகூடத் திரும்பவில்லை. நான் பனியன் கம்பெனிக்கு வந்து 11 வருடம் ஆகிறது. ஊரிலேயே வேலை கிடைத்தால் வேண்டாம் என்பேனா?

ராணிப்பேட்டையில் வாக்கப்பட்ட மதுரைக்காரி:

திருப்பூர்த் தம்பி, வேலையை யாரும் தப்பென்று சொல்லவில்லை. நான் பார்க்கிறதைச் சொல்கிறேன். 1990களின் நடுவில் மூடிய ஒரு குரோமிய ஆலையின் கழிவு, சுமார் ஒன்றரை லட்சம் டன், இங்கே மலையாகக் குவித்துப் போடப்பட்டது. ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு வேலை அன்றே போய்விட்டது, கழிவு போகவில்லை. 2015 ஜனவரி 31 விடியற்காலையில் தோல் கழிவுநீர் நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிழைக்க வந்த வெளியூர்ப் பிள்ளைகள் அவர்களில் பலர். நீ இருக்கிற திருப்பூரிலேயே, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு சேர்ந்து, அந்தத் தண்ணீரைத் திறக்காதே என்று விவசாயிகளே சொல்லும்படி ஆனது உனக்குத் தெரியும்.

அக்கா, ஆலை மூடிய பிறகு கழிவுக்கு யார் பொறுப்பு, அதற்கான பணம் எங்கே வைக்கப்படும் என்று கூட்டத்தில் கேளுங்கள்.

கரிசல்காட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை ஊர்ச் சாவடியில் சத்தமாக வாசித்தோம். திருப்பூர்த் தம்பி எழுதியதையும் சேர்த்துத்தான். அவர் சொல்வது எங்கள் வீட்டிலும் நடந்தது, என் கொழுந்தனார் அங்கேதான் இருக்கிறார். அவரையே தொலைபேசியில் கேட்டோம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது என்ன படிப்புக் கேட்பார்கள் என்று விசாரி என்றார். அறிக்கையில் உள்ளூர் ஆட்களுக்கு எத்தனை வேலை என்ற எண் எங்குமே இல்லை. அதைக் கேள்வியாகச் சேர்த்துவிட்டோம்.

ஐயா சொன்ன மாதிரி என் அடங்கலில் ஒரு பசலி காலிதான். ஆனால் அதே வருடத்துக் காப்பீட்டு ரசீது என் மாமியாரின் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே இருந்தது. மக்காச்சோளம், 2 ஏக்கர், புல எண்ணோடு. இதுவரை 43 வீட்டு ரசீது சேர்ந்திருக்கிறது. மறுகால் படத்தை கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டு விடும் எங்கள் நீர்பாய்ச்சி தாத்தா சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைந்தார்கள். குண்டாற்றைத் தொடுவதற்குள் ஏழு கண்மாய் வருகிறது. கீழே இருக்கும் ஊர்களில் நாலுக்கு இந்தக் கூட்டத்தைப் பற்றியே தெரியாது. நாளைக் காலை ஆட்டோ பிடித்து அந்த ஊர்களுக்குப் போகிறோம்.