சின்ன ஃபிரேமுக்கு 700சி வீல் ஓகேவா, இல்ல 650பி-க்கு போகணுமா?

புதுசவாரி: என் ஹைட்டு 152 செ.மீ. ரோடு பைக் வாங்கப் போறேன். ஒரு மாடல்ல எல்லா சைஸுக்கும் 700சி வீல்தான் (வழக்கமான பெரிய ரோடு வீல்), இன்னொரு மாடல்ல சின்ன சைஸ் ரெண்டுக்கு மட்டும் 650பி (அத விட சின்ன வீல்). முதல் வண்டிய ஓட்டிப் பாத்தேன், மெதுவா யு-டர்ன் அடிக்கும்போது ஷூ முனை முன் டயர்ல தட்டுது. இதுக்காக வீல் சைஸையே மாத்தணுமா, பழகிடுமா?

சங்கிலிநாதம்: பழகிடும். கொஞ்சம் வேகம் எடுத்துட்டா யாருமே ஹேண்டில அவ்ளோ திருப்புறதில்ல, வண்டிய சாய்ச்சுதான் திரும்புவோம், அதனால கால் தட்டுறது ரொம்ப மெதுவா போகும்போது மட்டும்தான் வரும். அதுக்கு பயந்து 650பி எடுத்தா அப்புறம் டயருக்கும் டியூபுக்கும் அலையணும், லைட்டான ரோடு வீல்செட் எல்லாம் பெரும்பாலும் 700சி-லதான் வருது. எதுக்கு இந்த வம்பு?

குட்டிஃபிரேம்: மெதுவா போற நேரத்துலதாங்க விழுவோம்! செங்குத்தான ஏத்தத்துல ஊசி வளைவு திரும்பும்போது, சிக்னல்ல நெருக்கத்துல நகரும்போது, இங்கெல்லாம் கால் டயர்ல மாட்டுனா நேரா கீழதான். அது கூட விடுங்க. சின்ன ஃபிரேமுக்குள்ள 700சி-ய திணிக்கறதுக்காக ஜியாமெட்ரிய, அதாவது குழாய்களோட கோணம், நீளத்த, எப்படி வளைக்கறாங்கன்னு சார்ட்ட எடுத்து பாருங்க. நடு சைஸ்ல 73 டிகிரி இருக்குற ஹெட் ஆங்கிள் (ஹேண்டில் தண்டோட சாய்வு) சின்ன சைஸ்ல 71, 70-னு படுத்துடும், முன் வீல கால விட்டு தள்ளி வைக்கணும்ல. சீட் டியூப் (சீட்டத் தாங்குற குழாய்) அதே நேரம் நிமிர்ந்துடும். இதுலதான் குட்டையானவங்க ஏமாந்து போறாங்க: சீட் டியூப் ஒரு டிகிரி நிமிர்ந்தாலே டாப் டியூப் (மேல் குழாய்) நீளக் கணக்குல கிட்டத்தட்ட 1 செ.மீ. குறைஞ்சு தெரியும், ஆனா ரீச் (கிராங்க் சுத்துற அச்சுலேர்ந்து, ஹேண்டில் தண்டு நுழையுற ஹெட் டியூப் வரைக்கும் கிடைமட்ட தூரம்) அப்படியே இருக்கும். நீங்க உங்க முட்டிக்கு ஏத்த மாதிரி சீட்ட பின்னாடி தள்ளுனதும் அந்த 1 செ.மீ. திரும்ப வந்துடும், கை எட்டாது, தோள் வலிக்கும்.

சங்கிலிநாதம்: ஹெட் ஆங்கிள் படுத்தா ட்ரெயில் (ஸ்டீரிங் அச்சுக்கோடு தரைய தொடுற இடத்துக்கும் டயர் தொடுற இடத்துக்கும் உள்ள தூரம்) கூடி ஸ்டீரிங் கனமாகும், சரி. ஆனா ஃபோர்க் ஆஃப்செட்ட (ஸ்டீரிங் அச்சுக்கோட்டுலேர்ந்து முன் வீல் அச்சு தள்ளி இருக்குற தூரம்) கூட்டுனா ட்ரெயில் திரும்ப இறங்கும், முன் வீலும் இன்னும் தள்ளிப் போகும், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. டிசைன் பண்றவன் ஒழுங்கா பண்ணா 700சி-லயே நல்ல சின்ன ஃபிரேம் வரும். எல்லா சைஸுக்கும் ஒரே ஃபோர்க் போட்டு மிச்சம் பிடிக்கறது கம்பெனியோட தப்பு, வீலோட தப்பு இல்ல.

ஸ்போக்கண்ணன்: ரெண்டு பேரும் வீல் பேர வெச்சே சண்டை போடுறீங்க, டயரையும் சேர்த்து மொத்த விட்டத்த பாருங்கப்பா. 700சி ரிம்ல டயர் உக்கார்ற இடம் 622 மி.மீ., 650பி-ல 584. 28 மி.மீ. டயர் போட்ட 700சி எவ்ளோ? 622 + 56 = 678. 650பி-ல 47 மி.மீ. டயர் போட்டா? 584 + 94, அதுவும் அதே 678! கால் தட்டுறதுல ஒரு மி.மீ. கூட லாபம் கிடையாது. அதே 28 மி.மீ. டயர 650பி-ல போட்டாதான் 640, அதாவது ஆரத்துல 19 மி.மீ. மிச்சம்.

இப்ப புதுசவாரி கேட்டதுக்கு வரேன். கிராங்க் (பெடல் மாட்டுற கை) 170 மி.மீ., பெடல் அச்சுலேர்ந்து ஷூ முனை சுமாரா 100, வீல் ஆரம் 339, கூட்டுனா 609. சின்ன ஃபிரேம்ல பிபி-லேர்ந்து (கிராங்க் சுத்துற அச்சு) முன் அச்சு வரைக்கும் 570, 580 இருந்தா எப்படி தட்டாம இருக்கும்? 650பி-ல 28 மி.மீ. டயர், 165 கிராங்க் போட்டா 585-க்கு வரும். பிரச்சனை கிட்டத்தட்ட முடிஞ்சுது.

குட்டிஃபிரேம்: இதத்தான் அண்ணா நானும் சொல்றேன். ஜார்ஜீனா டெர்ரிங்கற அம்மா 1985-ல சைக்கிள் கம்பெனி ஆரம்பிச்சு, குட்டையான பெண்களுக்கு முன்னாடி 24 இன்ச், பின்னாடி 700சி-னு வண்டி பண்ணாங்க. டிரெக் கம்பெனியோட மார்லின் மவுண்டன் பைக்ல சின்ன சைஸுக்கு 27.5 இன்ச், பெரிய சைஸுக்கு 29. சர்லி கம்பெனியோட லாங் ஹால் டிரக்கர் டூரிங் பைக்ல சின்ன சைஸ் எல்லாம் 26 இன்ச்தான் இருந்துச்சு. காரணம் இல்லாம இவ்ளோ பேர் செய்வாங்களா?

சங்கிலிநாதம்: அப்ப ஹைட்டுக்கு ஏத்த வீல்ங்கறது விதின்னா பிராம்ப்டன் மடக்கு சைக்கிள் எப்படி ஓடுது? ஆறடி ஆளும் அதே 16 இன்ச் வீல்லதான போறாங்க. மோல்டன் சைக்கிள் கம்பெனி 1962-லயே சின்ன வீல்ல பெரியவங்களுக்கு வண்டி விட்டாச்சு.

ஸ்போக்கண்ணன்: அது உங்க பக்கத்துக்கு உதவாது தம்பி. பெரிய ஆளுக்கு சின்ன வீல் போட எந்த தடையும் இல்ல, சீட் போஸ்ட்டும் ஸ்டெமும் (ஹேண்டில பிடிக்கற துண்டு) நீளமா வெச்சா முடிஞ்சுது. சின்ன ஆளுக்கு பெரிய வீல்னாதான் இடம் பத்தாது. மவுண்டன் பைக்ல இன்னும் மோசம், 29 வீலும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கும் சேர்ந்து ஹேண்டில மேல தூக்கிடும், ஹெட் டியூப ஓரளவுக்கு மேல குறைக்கவும் முடியாது. இறக்கத்துல பின்னாடி சாஞ்சா டயர் வேற பின்பக்கத்த உரசும், முன்னாடி 29 பின்னாடி 27.5 போடுறவங்க நிறைய பேருக்கு அதுதான் காரணம்.

புதுசவாரி: அப்போ முதல் வண்டியவே வாங்கிட்டு 650பி வீல் மாத்திக்கலாமா?

ஸ்போக்கண்ணன்: ரிம் பிரேக்னா மறந்துடுங்க, ரிம் 19 மி.மீ. கீழ போயிடும், பிரேக் கட்டை எட்டாது. டிஸ்க்னா மாட்டலாம், ஆனா மெல்லிசு டயரோட மாட்டுனா பிபி-யும் 19 மி.மீ. இறங்கும், வளைவுல பெடல் தரையில இடிக்கும். 650பி-க்குன்னே பண்ண ஃபிரேம்ல பிபி-ய அதுக்கேத்த மாதிரி மேல வெச்சிருப்பாங்க, அத எடுங்க.

சங்கிலிநாதம்: எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கோங்க. அண்ணன் சொன்ன கணக்கு 28 மி.மீ. டயருக்கு. 650பி-ல அதிகமா விக்கறது 42, 47 மாதிரி குண்டு டயருங்கதான், மெல்லிசு டயர் ரொம்ப கம்மி. உங்களுக்கு தொடர்ந்து கிடைக்குமான்னு விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க, இல்லன்னா நான் 700சி-லயும் 165 கிராங்க்லயும்தான் நிப்பேன்.